டிக் டேல் எல்பியில் கிட்டார் ஏன் இப்படி மொட்டையாகக் கேட்கிறது?

குளச்சல்_கரை:
கப்பலில் வேலை பார்த்த பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியைப் போன வாரம் திறந்தோம். துணிக்கு அடியில் ஏழெட்டு எல்பி இசைத்தட்டு, அதில் ஒன்று அமெரிக்க கிட்டார்காரர் டிக் டேலின் 'டிக் டேல் அன்ட் ஹிஸ் டெல்டோன்ஸ்' குழுவின் 'சர்ஃபர்ஸ் சாய்ஸ்', 1962. அட்டையில் அவரே அலைமேல் பலகையில் நிற்கிறார், அதைப் பார்த்ததும் ஓட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உப்புக்காற்றில் அட்டை ஓரம் இற்றுப்போய், தட்டில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கிறது. என் சந்தேகம் வேறு. சர்ஃப் ராக் (அலைச்சறுக்குக்காரர்களின் கிட்டார் இசை) என்றால் கிட்டார் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி அதிரும் என்றுதான் நினைத்திருந்தேன், இதில் முகத்துக்கு நேரே அறைகிறது. தட்டு தேய்ந்துவிட்டதா, பிளேயர் முள் போய்விட்டதா?

முட்டம்_கிட்டார்:
தட்டுமேல் குறை இல்லை தம்பி, அசலே அப்படித்தான். நீங்கள் சொல்லும் கிணற்று ஒலி, கிட்டார் கம்பெனி ஃபெண்டரின் ஸ்பிரிங் ரிவெர்ப் என்ற எதிரொலிப் பெட்டியில் வருவது. தகரத் தொட்டிக்குள் சுருள்கம்பிகளை இழுத்துக் கட்டியிருப்பார்கள், கிட்டார் சிக்னல் ஒரு முனையில் கம்பியை ஆட்டும், அந்த ஆட்டம் மறுமுனையில் முட்டித் திரும்பித் திரும்பி வரும், அதைப் பிடித்து அசல் ஒலியோடு கலக்கிறார்கள். என் பழைய ஆம்ப்ளிஃபையரைக் காலால் லேசாக இடித்தாலே இடி விழுந்த மாதிரி உறுமும். 'சர்ஃபர்ஸ் சாய்ஸ்' அந்த ஒலி டிக் டேல் கைக்கு வருவதற்கு முந்தியது. எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் அவர் கை தெரிகிறது. இடதுகைக்காரர், வலதுகைக்காரருக்குக் கம்பி கட்டிய கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து, தடித்த கம்பியில் மேலும் கீழுமாக விடாமல் வெட்டுவார். ஆனி ஆடியில் முட்டம் பாறையில் அலை மூச்சுவிடாமல் அடிக்குமே, அந்த அடி. அந்த ஈரமான, எதிரொலிக்கிற ஒலிதான் வேண்டும் என்றால் சான்டேஸ் குழுவின் 'பைப்லைன்', 1963, கேளுங்கள்.

பழைய_தட்டு:
பூசணத்தோடு ஓட்டாதீர்கள், முள்தான் கெடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு விட்டு, மெத்தென்ற துணியால் கோடு போகும் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், நடுவிலுள்ள காகிதம் நனையக் கூடாது. அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை. நிழலில் நிறுத்தி வைத்துக் காய வையுங்கள், வெயில் பட்டால் வளைந்துவிடும்.

நாகர்கோவில்_வயலின்:
அதில் 'மிசிர்லூ ட்விஸ்ட்' இருக்கும், விட்டுவிடாதீர்கள். கிழக்கு மத்தியதரைக்கடல் பக்கத்துப் பழைய மெட்டு, டிக் டேலின் அப்பா வழி லெபனான். அந்த மெட்டின் சுரங்கள் நம் மாயாமாளவகௌளை ராகத்தின் சுரங்களேதான், வயலின் வகுப்பில் முதல் நாள் சரளி வரிசை வாசித்தோமே, அது! முதல்முறை கேட்டபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

குளச்சல்_கரை:
துடைத்துக் காய வைத்து இப்போதுதான் ஓட்டினேன். கரகரப்பு பாதிக்குமேல் போய்விட்டது. 'மிசிர்லூ' வந்ததும் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் ஓடிவந்து கூடவே "ஸரிகம" என்று பாடிப் பார்க்கிறாள். பெரியப்பா இருந்திருக்க வேண்டும்.