பரந்தனுக்கு 20 வருசத் திட்டம்: முதல் காசு எதுக்கு?

சந்தியடி:
கிளிநொச்சி மாவட்டத்தில எங்கட பரந்தனைப் பாக்கிற கரைச்சிப் பிரதேச சபைக்குக் குடுக்க ஊராக்கள் எழுதுற 20 வருச முன்மொழிவை வாசிச்சன். சந்தைக் கட்டடம், பஸ் தரிப்பிடம், வடிகால், உள்வீதி, குடிதண்ணி, விளையாட்டு மைதானம் எல்லாம் இருக்கு. எது முதல் எண்டு மட்டும் இல்லை. நான் சொல்லுறன், சந்தியும் சந்தையும் முதல். ஏ9, முல்லைத்தீவுக்குப் போற ஏ35, பூநகரி வீதி மூண்டும் எங்களிட்டத்தான் சந்திக்குது. 2014இல றெயிலும் திரும்ப வந்திட்டுது. கடை வாடகையும் சந்தைக் குத்தகையும் வந்தால்தானே சபை மற்ற வேலையளில கை வைக்கலாம்.

வயல்காரன்:
தம்பி, 2018 மார்கழியில இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து வெள்ளம் வந்த நேரம் நீர் எங்க நிண்டனீர்? சந்தை கட்டுங்கோ, வேண்டாம் எண்டேல்லை. ஆனால் தண்ணி எங்கால வந்து எங்கால போகுது எண்டு ஒரு வரைபடம் கையில இல்லாமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது. எங்கட ஒழுங்கைக்குக் கிறவல் கொட்டி உயர்த்திச்சினம், மதகு வைக்கேல்லை. இப்ப மாரியில ஒழுங்கை காய்ஞ்சு கிடக்கு, வளவுக்குள்ள முழங்கால் தண்ணி. மலசலகூடக் குழி நிரம்பி, அந்தத் தண்ணி கிணத்துக்கட்டு வரைக்கும் வந்து நிக்குது. பிள்ளையளுக்குச் சுடவைச்ச தண்ணிதான் குடுக்கிறம். அபிவிருத்தி எண்டு செய்த வேலை இது!

குமரபுரத்தாள்:
அண்ணை சொல்லுறது சரி, ஆனால் ஒரு கேள்வி. வரைபடத்தில வாய்க்கால் ஒதுக்கு, அதாவது தண்ணி போக விட வேண்டிய நிலம் எண்டு கோடு கீறினால் அந்தக் கோட்டுக்கு மேல இருக்கிறது ஆர்? மீள்குடியேறின நேரம் கிடைச்ச இடத்தில கொட்டில் போட்ட சனம். அரச காணியில இருக்கிறதுக்குக் குடுக்கிற, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்ர பெர்மிட் அவையிட்ட இல்லை. சண்டையில பத்திரம் துலைஞ்சதுகளும் இருக்கு, புருசன் இல்லாமல் தனிய குடும்பம் பாக்கிற பொம்பிளையளும் இருக்கினம். பெர்மிட் இல்லாட்டி வங்கிக் கடனும் இல்லை, அங்கயிருந்து எழுப்பினால் மாற்றுக் காணி கேக்க வாயும் இல்லை. அதிகாரியள் ஊருக்கே வந்து காணிப் பத்திரம் பாக்கிற காணி நடமாடும் சேவைதான் முதல். அதுக்குப் பிறகு கோடு கீறுங்கோ.

மட்டப்பலகை:
மூண்டு பேரும் ஒண்டை விட்டிட்டியள். ஏ9உம் ஏ35உம் வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர. பெரிய வாய்க்கால் நீர்ப்பாசனத் திணைக்களத்தின்ர. காணி கண்டாவளைப் பிரதேச செயலகத்தின்ர. எங்கட சபைக்குத் தன்ர கையால செய்யக் கூடியது ஒழுங்கை, கான், சந்தை. 2025 மேயில தெரிவான சபைக்கு 4 வருசம். 20 வருசத்துக்குள்ள அஞ்சு சபை வந்து போகும், ஒவ்வொண்டும் முதல்ல இருந்து தொடங்கும். அதால, மதகு இல்லாமல் ஒரு ஒழுங்கைக்கும் கிறவல் போடுறேல்லை எண்டு இந்தச் சபையே ஒரு தீர்மானம் எடுக்க வேணும். அதுக்கு கொழும்பைக் கேக்கத் தேவையில்லை. மற்றத் திணைக்களங்களுக்கு இப்பவே கடிதம் போகட்டும், பதில் வர வருசக்கணக்காகும்.

சந்தியடி:
கானையும் மதகையும் காட்டி என்ர தம்பியை ஊரில நிப்பாட்டேலாது, கத்தாருக்கு வெளிக்கிட்டு நிக்கிறான். 1950களில பரந்தனில தொடங்கின இரசாயனத் தொழிற்சாலை கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்து எத்தினை குடும்பத்துக்குச் சோறு போட்டது! இப்ப பரந்தனில முதலீட்டு வலயம் எண்டு அரசாங்கம் சொல்லுது. அது வாற நேரம் சந்தி இப்பிடியே கிடந்தால் வேலை எல்லாம் கிளிநொச்சிக்குப் போயிடும்.

வயல்காரன்:
வலயம் வந்தால் இன்னும் சீமெந்து, இன்னும் கூரை. மழைத்தண்ணி நிலத்துக்க இறங்காமல் எங்கட வளவுக்குத்தான் ஓடி வரும். ஆனையிறவுப் பக்கம் போகப் போகக் கிணறு உவர். கிடக்கிற கொஞ்ச நல்ல தண்ணிக்குப் பக்கத்தில திரும்பவும் இரசாயனத் தொழிற்சாலை எண்டால், கழிவு எங்க போகுது எண்டு முதல்ல கேக்க வேணும். உம்மட தம்பிக்கு வேலை வேணும் எண்டுதான் நானும் சொல்லுறன், ஆனால் வெள்ளம் நிக்கிற சந்தையில ஆர் கடை எடுப்பினம்?

குமரபுரத்தாள்:
மட்டப்பலகை ஐயா சொன்ன தீர்மானத்துக்கு நான் சம்மதம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலைக் கூட்டத்துக்கு வாற பிரதியில, ஒதுக்கில இருக்கிற குடும்பங்களின்ர பட்டியலும் அவைக்கு மாற்றுக் காணி எங்க எண்டதும் இருக்க வேணும். அது இல்லாட்டி எங்கட மாதர் சங்கம் கையெழுத்து வைக்காது.