தீவாந்திரம் போனதாகச் சொல்லப்படும் கொள்ளுத்தாத்தாவின் வழக்கை எங்கே தேடுவது?

வெண்ணாற்றங்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவின் தாத்தா மன்னார்குடி தாலுகாவில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். முறைத்தண்ணீர்த் தகராறில் ஒருவரை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டுத் தீவாந்திரம் (அந்தமான் தீவுக்கு நாடு கடத்தும் தண்டனை) போனவர் என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அவருடைய பெயரை எந்தக் குழந்தைக்கும் வைக்கவில்லை, திதியும் கொடுப்பதில்லை. அத்தைப்பாட்டி ஒருவர் மட்டும், இது பெருவெள்ளம் வந்த மறுவருஷம் நடந்தது என்று ஒருமுறை சொன்னார்.

சென்ற மாதம் பழைய டிரங்குப் பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் தலை பதித்த முத்திரைத்தாளில் எழுதிய கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. நான்காக மடித்துக் கிடந்ததால் மடிப்புகளில் எழுத்து உதிர்ந்திருக்கிறது. குரோதன வருஷம் தை மாதம், கொள்ளுப்பாட்டி தன் கணவரின் முக்தியாராக, அதாவது அவரிடம் அதிகாரப் பத்திரம் பெற்றவராக, ஆறு மா நஞ்சையை விற்றிருக்கிறார். கணவரின் அப்பீல் செலவுக்காக என்று காரணமும் எழுதியிருக்கிறது. கீழே அவருடைய கைநாட்டு இருக்கிறது. அந்தமானுக்கு எழுதிக் கேட்கலாமென்று நினைக்கிறேன். அது சரியான வழிதானா?

வக்கீல்குமாஸ்தா:

அந்தமானுக்கு இப்போது எழுத வேண்டாம். பெருவெள்ளம் என்பது 1924-ஆம் ஆண்டு ஆடியில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்தது. மறுவருஷம் 1925, குரோதன தை என்றால் 1926 ஜனவரி-பிப்ரவரி. அத்தைப்பாட்டியின் கணக்கும் பத்திரமும் ஒத்துப்போகின்றன. ஆனால் கைதிகளைத் தீவுக்கு அனுப்புவதைக் கைவிடுவதாக அரசாங்கம் 1921-லேயே அறிவித்துவிட்டது. அதன் பிறகும் சிலரை அனுப்பினார்கள் என்றாலும், சென்னை மாகாணத்தின் ஆயுள் கைதிகளில் பெரும்பாலோர் உள்நாட்டுச் சிறைகளிலேயே இருந்தார்கள். தண்டனையின் பெயர் மட்டும் மாறவில்லை. தீர்ப்பில் தீவாந்திர சிட்சை என்றே எழுதினார்கள். அதை ஆயுள் சிறை என்று சட்டத்தில் திருத்தியது 1955-இல்தான். எனவே வீட்டில் சொல்லும் சொல் தண்டனையின் பெயராக இருக்கலாம், போன இடமாக இருக்க வேண்டியதில்லை.

பத்திரத்தை மறுபடியும் எடுத்து முக்தியாரைப் பற்றிய வரியைப் படியுங்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆவது பிரிவின்படி, சிறையில் இருப்பவர் முக்தியார் பத்திரம் எழுதிக்கொடுத்தால் அவர் பதிவு அலுவலகத்துக்கு வர வேண்டியதில்லை. ஆனால் அவர் இருக்கும் இடத்துக்குரிய பதிவாளர் அதை அத்தாட்சி செய்திருக்க வேண்டும். கிரயப் பத்திரத்தில் அந்த முக்தியாரின் தேதியும், எந்த ஊர் சப்-ரிஜிஸ்திரார் அத்தாட்சி செய்தார் என்பதும் வழக்கமாக எழுதப்படும். அது தெரிந்தால் சிறை தெரிந்துவிடும். மடிப்பில் எழுத்து போயிருந்தால் கவலை வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்தில் முழு நகலும் இருக்கும், அது நிரந்தரமாகக் காக்க வேண்டிய புத்தகம். கணினி வில்லங்கச் சான்று அத்தனை பின்னால் போகாது; கையால் தேடச் சொல்லி மனுக் கொடுங்கள்.

என் அனுபவத்தில், குற்றத்தைத் தேடுகிறவர்கள் காவல் நிலையத்திலிருந்து தொடங்கித்தான் ஏமாந்து போகிறார்கள். கிராம முன்சீப் எழுதியனுப்பிய முதல் ரிப்போர்ட்டும் நிலையத்துக் குறிப்புகளும் காலக்கெடு முடிந்ததும் கழிக்கப்பட்டிருக்கும். நிலம் கைமாறிய தாளும் அப்பீல் தாளும்தான் நிற்கும்.

உப்பளத்தூர்:

முந்தைய பதிலோடு ஒத்துப்போகிறேன். அப்பீல் என்றால் அது சென்னை உயர் நீதிமன்றம். 1926-ஆம் ஆண்டின் கிரிமினல் அப்பீல் பதிவைக் கேளுங்கள். செஷன்ஸ் நீதிபதி தூக்குத் தண்டனை விதித்திருந்தால் உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது. அப்படி வந்த வழக்குகள் ரெஃபர்டு டிரயல் என்று தனி எண் பெற்றிருக்கும், அதையும் பாருங்கள். அச்சான சட்ட அறிக்கைகளில் சட்ட நுணுக்கம் உள்ள வழக்குகள் மட்டுமே இடம்பெறும் என்பதால், அங்கே பெயர் இல்லையென்று மனம் தளர வேண்டாம்.

அப்பீல் தோற்றிருந்தால் குடும்பத்தார் கவர்னருக்குக் கருணை மனுப் போட்டிருக்கலாம். அது சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் அரசாணைகளுக்குள் கிடக்கும். முதலில் அந்தந்த ஆண்டின் அச்சிட்ட அகரவரிசைப் பட்டியலைப் பார்த்து, ஆணை எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, பிறகு ஆவணக் கட்டைக் கேட்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். தஞ்சாவூர் என்று தேடினால் கிடைக்காது, டாஞ்சூர் என்று தேட வேண்டும். சீர்காழி ஷியாலியாகவும் நாகப்பட்டினம் நெகபட்டமாகவும் இருக்கும். கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் நான்கைந்து விதமாக எழுதி வைத்துக்கொண்டு போங்கள். திருவாரூர் மாவட்டம் 1997-இல் பிறந்தது; அந்தப் பெயரில் எதையும் கேட்காதீர்கள்.

சொந்தக் கதை ஒன்று. என் தாத்தா 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர் என்று சொல்லியே எங்கள் வீட்டில் படத்துக்கு மாலை போடுவோம். எனக்குக் கிடைத்த தாளின்படி அவர் அதற்கு ஏழு வருஷம் முன்பே, சதுப்பில் தானாக விளைந்த உப்பை வாரியதற்காக 1889-ஆம் ஆண்டு உப்புச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டவர். மாலையை நான் நிறுத்தவில்லை.

கடைமடை:

இரண்டு விஷயங்கள். முதலாவது, அவர் பெயர் ஏதேனும் கேடிப் பட்டியலிலோ கைரேகைச் சட்டப் பதிவிலோ தென்பட்டால் அதை இந்த வழக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரை என்று அறிவித்து ஆட்களைப் பதிவு செய்தார்கள். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. அந்தப் பதிவில் இருப்பது குற்றம் செய்ததற்குச் சான்று ஆகாது.

இரண்டாவது, கொலையுண்டவரையும் தேடுங்கள். குற்றச்சாட்டில் அவர் பெயர் கட்டாயம் இருக்கும். மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்படும் முன்பு, ஆற்றில் வந்தால்தான் தண்ணீர் என்றிருந்த காலத்தில், மடைச் சண்டை பெரும்பாலும் அடுத்த வயல்காரனோடுதான். உங்கள் பத்திரத்தில் நான்கெல்லையை எழுதியிருப்பார்களே, அதைப் பார்த்தீர்களா? அந்தக் குடும்பம் இன்னும் உங்கள் ஊரிலேயே இருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஊரில் விசாரிப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாற்றங்கரையான்:

மூவருக்கும் நன்றி. பத்திரத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முக்தியார் 1926 ஜனவரியில் திருச்சிராப்பள்ளி சப்-ரிஜிஸ்திராரால் அத்தாட்சி செய்யப்பட்டது என்று இருக்கிறது. நீடாமங்கலத்தில் ரயில் ஏறினால் அன்றைக்கே போய்ச் சேரும் ஊர். கடல் கடந்து போனவர் என்று நூறு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்பீலுக்குப் பிறகு வேறு சிறைக்கு மாற்றியிருக்கலாம் என்பதால் முதலில் உயர் நீதிமன்றத்துக்கு மனு எழுதுகிறேன்.

நான்கெல்லையையும் படித்தேன். மேற்கே வாய்க்கால். வடக்கே, காலஞ்சென்ற ஒருவரின் மைனர் பிள்ளைகளுடைய நஞ்சை. அந்த வீட்டின் பேரன் சென்ற வைகாசியில் என் தங்கையின் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போனார். மனுவில் இரண்டு பெயர்களையும் எழுதப்போகிறேன். அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.