கார் இடிச்சாச்சு, அடுத்து என்ன? கடலூர்–புதுச்சேரி சைக்கிள்காரர்கள் அனுபவப் பகிர்வு

அரியாங்குப்பம் சைக்கிள்காரன்:

மரப்பாலத்தில் ஆரம்பிச்சு கடலூர் வரைக்கும் விடியக்காலையில் மிதிக்கிறவங்க நிறைய இருக்கோம். இடிச்ச பிறகு முதல் பத்து நிமிஷம் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதனால அவங்கவங்க வேலையில பார்த்துப் பழகினதை, சொந்தக் கதை இல்லாம, அடுத்தவருக்கு உதவுற மாதிரி எழுதுங்க. ரோட்டுல செய்ய வேண்டியதை நான் சொல்லிடறேன்.

விழுந்த வேகத்துல எழுந்திருக்காதீங்க. கழுத்தோ முதுகோ வலிச்சா, கை கால் மரத்த மாதிரி இருந்தா, அசையவே வேண்டாம். பின்னால வர்ற வண்டிகளை நிறுத்தச் சொல்லிட்டு 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்க. நம்ம பக்கம் கூட்டம் கூடினதும் ரெண்டு பேர் தூக்கி உட்கார வைப்பாங்க, ஒருத்தர் சோடா வாங்க ஓடுவார். நல்ல மனசுதான், ஆனா குடிக்காதீங்க. ஆபரேஷன் தேவைப்பட்டா வயிறு காலியா இருக்கணும், மயக்கம் வந்தா புரையேறும். ஷேர் ஆட்டோவுல மடக்கி ஏத்துறதும் வேண்டாம்.

போட்டோ எடுக்க முடிஞ்சா கார் நகர்றதுக்கு முன்னாடி எடுங்க. நம்பர் பிளேட் ஒண்ணு. காரும் சைக்கிளும் சேர்ந்து, பின்னால கடை போர்டோ கிலோமீட்டர் கல்லோ தெரியுற மாதிரி ஒண்ணு. ஸ்டியரிங்ல உட்கார்ந்திருந்தவர் முகம் ஒண்ணு. கடைசிப் படம்தான் முக்கியம். லைசென்ஸ் இல்லாத ஆள் ஓட்டியிருந்தா, சாயங்காலம் ஸ்டேஷனுக்கு லைசென்ஸ் உள்ள வேற ஆள் வந்து நிப்பார்.

காயக்கட்டு (அவசரப் பிரிவு செவிலியர்):

எங்கள் பக்கத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு தவறைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அடிபட்டவரைக் கொண்டுவருபவர், போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து, "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுகிறார். டியூட்டி டாக்டரும் கேட்டதை அப்படியே ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) புத்தகத்தில், தானாக விழுந்ததாக, எழுதிவிடுவார். மூன்று நாள் கழித்து "இல்லைங்க, கார் இடிச்சது" என்றால் யாரும் அதை அடித்துத் திருத்த மாட்டார்கள். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கோர்ட்டில் முதலில் நீட்டும் காகிதம் அதுதான்.

என்ன சொல்ல வேண்டும்? "இன்னிக்குக் காலையில 6.10-க்கு, கன்னியக்கோயில் பக்கம், சைக்கிள்ல போகும்போது பின்னால வந்த வெள்ளைக் கார் இடிச்சது, நம்பர் இது." நேரம், இடம், வாகனம் மூன்றும் வரவேண்டும். கூட வந்தவருக்குப் பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ உதவி செய்தவரைப் பாதுகாக்கிறது. பெயர், விலாசம் கொடுக்கச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

காசு இல்லை என்று தயங்கவும் வேண்டாம். கடலூர் பக்கம் என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் பார்க்கலாம்.

தலை அடிபட்டு, ஸ்கேன் தேவையில்லை என்று வீட்டுக்கு அனுப்பினாலும் 24 மணி நேரம் தனியாக விடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, தூங்கி விழுவது, பேச்சுக் குழறல், காதிலோ மூக்கிலோ தண்ணீர் போலக் கசிவு: இதில் ஒன்று வந்தாலும் உடனே கிளம்புங்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். புரூபன் வகை, ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும்.

ஹேண்டில்பார் நுனி வயிற்றில் குத்தியிருந்தால் தோலில் ஒரு ரூபாய் அளவு வட்டக் கன்றல்தான் தெரியும். உள்ளே மண்ணீரல் கிழிந்திருக்கலாம். இடது தோள்பட்டை வலித்தால் அது தோள் வலி இல்லை, ஸ்கேன் கேளுங்கள். சிராய்ப்பில் காப்பித்தூள், மஞ்சள் வைக்காமல் ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் மண் போகும் வரை கழுவுங்கள். மண்பட்ட காயம் என்றால், கடைசி டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

மஞ்சக்குப்பம் வக்கீல்:

சகோதரி ஏ.ஆர். பற்றி எழுதியது நூற்றுக்கு நூறு சரி. அதன் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல், எல்லை. முள்ளோடைக்கு வடக்கே விழுந்தால் புதுச்சேரி போலீஸ், தெற்கே விழுந்தால் தமிழ்நாடு. புதுச்சேரியில் விபத்து வழக்கைப் போக்குவரத்துக் காவல் நிலையம் பதியும், கடலூரில் அந்தந்த ஊர்க் காவல் நிலையம். அடிபட்டது கிருமாம்பாக்கத்தில், படுத்திருப்பது கடலூரில் என்றால் இரண்டு பக்கமும் அலைய விடுவார்கள். அலைய வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 173-ன்படி எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) போட்டு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான) ரசீதோடு திருப்தி அடையாதீர்கள். நஷ்டஈட்டு வழக்குக்கு எப்.ஐ.ஆர். வேண்டும்.

பி.என்.எஸ். (குற்றத் தண்டனைச் சட்டம்) 281 அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு. சாதாரணக் காயம் என்றால் 125(ஏ), கொடுங்காயம் என்றால் 125(பி). எலும்பு முறிந்தாலே கொடுங்காயம்தான். முதல் நாள் சிராய்ப்பு என்று எழுதி, பிறகு எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்தால் அந்த அறிக்கையை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துப் பிரிவை மாற்றச் சொல்லுங்கள்.

பணம் இரண்டு வழி, இரண்டும் மோட்டார் வாகனச் சட்டத்தில். 164-ன் கீழ் யார் தப்பு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் 166 மனு (யார் தப்பு என்று காட்டித் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்பது) காலாவதி. நீண்ட சிகிச்சை, வேலை இழப்பு, ஊனம் எல்லாம் இருந்தால் 166-தான் சரி என்பது என் கருத்து. சட்டம் சொல்லும் கெடு விபத்து நடந்து 6 மாதம். நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். சைக்கிள் சேதத்தையும் அதே மனுவில் கேளுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். கார் நிற்காமல் ஓடி, நம்பரும் கிடைக்கவில்லை என்றால் 161-ல் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்குக் கோர்ட் இல்லை, வருவாய்த் துறையில் மனு.

ரோட்டிலேயே 2,000 ரூபாய் கொடுத்து "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்குவார்கள். சின்னச் சிராய்ப்பு என்றால் சமாதானம் தப்பில்லை, ஆனால் கையெழுத்து இரண்டு நாள் கழித்து.

கடை கேமரா பதிவு ஒரு வாரத்திலேயே அழிந்து மேலே புதிது ஏறிவிடும். அன்றே போலீஸில் எழுத்து மூலம் கேளுங்கள். கூடவே இன்னொன்று: சைக்கிளைக் கழுவவோ நிமிர்த்தவோ வேண்டாம். பின் மட்கார்டில் ஒட்டியிருக்கும் கார் பெயின்ட் ஒரு சாட்சி.

செயின்கவர் (சைக்கிள் மெக்கானிக், நெல்லித்தோப்பு):

வக்கீல் சார் சொன்னது புரிஞ்சுது. போலீஸ் பார்த்த பிறகே கடைக்குக் கொண்டாங்க. நாங்க கொடுக்குற எஸ்டிமேட்டுல பிரேம் நம்பர் இருக்கணும். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில வெட்டியிருக்கும்.

நேரா இடிச்சா முதல்ல போகிறது போர்க்கு (முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கவை). முன் டயருக்கும் டவுன் டியூபுக்கும் (ஹேண்டில் பக்கமிருந்து பெடலுக்குச் சாயுற குழாய்) நடுவுல இடைவெளி குறைஞ்சிருந்தா வளைஞ்சாச்சு. அடுத்து ஹெட் டியூபுக்கு (ஹேண்டிலுக்குக் கீழ இருக்கிற குட்டைக் குழாய்) பின்னால, டவுன் டியூப் அடிப்பக்கம் விரலால தடவுங்க. பெயின்ட் சுருங்கி, தோல் மடிஞ்ச மாதிரி ஒரு வரி தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். இரும்பு பிரேம்னா அதை நிமிர்த்தலாம், அலுமினியம்னா தூக்கிப் போடணும். நிமிர்த்தினா அங்கேயே ஒடியும், அதுவும் பாலம் ஏறும்போது. கார்பன்னா ஒரு ரூபாய் காசால தட்டிட்டே வாங்க. கணீர்னு கேக்கிற சத்தம் ஒரு இடத்துல மந்தமாச்சுன்னா உள்ளே பிளந்திருக்கு.

பின்னால இடிச்சா நூல் போட்டுப் பாருங்க. ஹெட் டியூபைச் சுத்தி ரெண்டு முனையையும் பின் அச்சு ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, சீட் டியூபுக்கும் (சீட்டுக்குக் கீழ நிக்கிற குழாய்) நூலுக்கும் இடைவெளியை அளங்க. ரெண்டு பக்கமும் 3 மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா பிரேம் திரும்பியிருக்கு.

கியர் வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தா டிரெய்லர் (பின் சக்கரத்துல சங்கிலியைப் பல் மாத்துற கியர் பாகம்) மாட்டுற ஹேங்கர் உள்ளே வளைஞ்சிருக்கும். நல்லாதான் ஓடும். என்னிக்காவது மேட்டுல பெரிய பல்லுக்கு மாத்தினதும் டிரெய்லர் ஸ்போக்குக்குள்ள போய் சக்கரம் இறுகி நின்னுடும். அலுமினிய ஹேண்டில்பார்ல கீறல் ஆழமா இருந்தா மாத்துங்க. ஹெல்மெட் தரையில பட்டிருந்தா, வெளியே சுத்தமா இருந்தாலும், உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும். ஒரு அடிக்குத்தான் அது. வக்கீல்கிட்ட காட்டிட்டு வெட்டிப் போடுங்க, யாருக்கும் தானம் கொடுக்காதீங்க.

காயக்கட்டு:

ஒன்று விட்டுப்போனது. கையை ஊன்றி விழுந்தவர்கள் கட்டை விரலை விரித்துப் பாருங்கள். அதன் அடியில் மணிக்கட்டருகே குழி விழும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? முதல் எக்ஸ்ரேயில் அந்தச் சின்ன எலும்பின் முறிவு தெரியாமல் போகலாம். மாவுக்கட்டோ பட்டையோ போட்டுக்கொண்டு 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி படம் எடுங்கள். ரத்த ஓட்டம் குறைந்த எலும்பு, கவனிக்காமல் விட்டால் சேராது. பிரேக் பிடிக்கும் கை அது.