பரணில் கிடைத்த ட்ரங்குப் பெட்டியும் ஒரு ஜெர்மானியச் சிப்பாயின் பொருள்களும்

கேள்வி: கோரிமேட்டுப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டை அடுத்த நாகலூரில் இருக்கும் எங்கள் அம்மாயியின் (அம்மாவின் அம்மா) ஓட்டு வீட்டைப் பிரித்துக் கட்டுவதற்காகச் சென்ற வாரம் பரணைக் காலி செய்தோம். மிளகுச் சாக்குகளுக்குப் பின்னால் தகர ட்ரங்குப் பெட்டி ஒன்று இருந்தது. அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) பழைய கணக்குப் புத்தகங்கள்தாம் இருக்கும் என்று எண்ணித் திறந்தால், உள்ளே இருந்தவை எல்லாம் ஜெர்மானியச் சிப்பாய் ஒருவரின் பொருள்கள். அப்புச்சி இரண்டாம் உலகப் போரின்போது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் இந்திய ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். கடல் கடந்து போய்த் திரும்பிய பிறகு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதி வாழ்ந்தார். போரைப் பற்றி வீட்டில் அவர் பேசியதே இல்லை என்று அம்மா சொல்கிறார்.

பெட்டியில் இருந்தவற்றைச் சொல்கிறேன். சாம்பல் கலந்த பச்சை நிறக் கம்பளிக் கோட்டு ஒன்று. அதன் காலர் மட்டும் கரும்பச்சை, முன்புறம் ஐந்து பொத்தான்கள், மடிப்பு வைத்துத் தைத்த நான்கு பைகள். மார்கழிக் குளிரில் அப்புச்சி இதைப் போட்டுக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போவாராம். உட்புறத்தில் மங்கிய மையில் 43, 39, 92, 70, 64 என்று ஐந்து எண்கள் இருக்கின்றன. தேங்காய் ஓடு போன்ற பழுப்பு நிற உறை கொண்ட தண்ணீர்ப் புட்டி ஒன்று. கழுகும் எழுத்தும் பொறித்த இடுப்புவார்ப் பூட்டு ஒன்று. அதில் மங்கிய பச்சை வண்ணம் இருக்கிறது. ஓரமெங்கும் பொத்தான் தைத்த முக்கோணத் துணி ஒன்றும் உண்டு. அதை விரித்துத்தான் அம்மாயி மிளகு காயவைப்பார் என்பது எனக்கே நினைவிருக்கிறது.

இவை தவிர, வெள்ளைத் துணியில் தனியாகச் சுற்றி வைத்த இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் முட்டை வடிவ உலோக வில்லை. அதில் கயிறு கோத்து முடிச்சிட்டிருக்கிறது. மற்றொன்று, ஒரு பெண்ணும் குழந்தையும் இருக்கும் சிறிய புகைப்படம். அதன் பின்புறம் எழுதியிருப்பதை ஜெர்மன் மொழி கற்ற என் தோழியாலும் படிக்க முடியவில்லை.

வில்லையை அம்மாயி ஜெர்மன் சில்வர் என்பார். சேலத்தில் பழம்பொருள் வாங்குபவர் ஒருவர், அதில் பெயர் இல்லாததால் அது போலி என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் மொத்தமாகத் தந்தால் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். அவர் சொன்னது என் மனத்துக்கு ஒப்பவில்லை. இவை உண்மையானவையா, எப்படிப் பாதுகாப்பது, இவற்றை நாங்கள் வைத்துக்கொள்வது முறைதானா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி 1: அஸ்தம்பட்டி சேகரிப்பாளர்

வணக்கம் அம்மா. முதலில் கோட்டு. கரும்பச்சைக் காலர், ஐந்து பொத்தான், மடிப்பு வைத்த பைகள் மூன்றும் சேர்ந்திருந்தால் அது 1936-ஆம் ஆண்டு வடிவம். போர் தொடங்கிய பின், 1940-இல் காலரும் உடையின் நிறத்திலேயே தைக்கப்பட்டது. 1941-இல் பொத்தான்கள் ஆறாயின. அதன் பிறகு துணியையும் தையற்கூலியையும் மிச்சப்படுத்தப் பையின் மடிப்பை எடுத்துவிட்டார்கள். கம்பளியிலும் செயற்கை நூலின் பங்கு கூடிக்கொண்டே போனது. ஒரு நாட்டின் கை எவ்வாறு ஒடுங்கியது என்பதை அதன் சிப்பாய் உடுத்த கோட்டிலேயே பார்க்கலாம் என்பதால்தான் எனக்கு இந்த உடைகளின் மேல் இவ்வளவு ஈடுபாடு.

நீங்கள் சொன்ன ஐந்து எண்கள் தையல் அளவுகள், எல்லாம் சென்டிமீட்டரில். முதுகின் நீளம் 43, கழுத்து 39, மார்பு 92, மொத்த நீளம் 70, கை 64. அந்தக் கோட்டுக்கு உரியவர் ஒல்லியான ஆள் என்பது அதிலேயே தெரிகிறது. அருகில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்து உடைக்கிடங்கு இருந்த நகரத்தையும் (மியூனிக்குக்கு எம், பெர்லினுக்கு பி), இலக்கம் ஆண்டையும் குறிக்கும். வலது மார்புப் பைக்கு மேலே சிறு ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தால், நாஜிக் கழுகுச் சின்னம் அங்கே தைக்கப்பட்டிருந்து, பிறகு பிரிக்கப்பட்டது என்று பொருள். தரைப்படையினர் அதை வலப்புறம் அணிந்தார்கள்.

புட்டியை நீங்கள் தேங்காய் ஓட்டுக்கு ஒப்பிட்டது மிகப் பொருத்தம். உலகெங்கும் சேகரிப்பாளர்கள் அதைத் தேங்காய் என்றே அழைக்கிறார்கள். வழக்கமான புட்டி 0.8 லிட்டர் கொள்ளும். அதற்குப் நமுதா என்னும் அழுத்திச் செய்த பழுப்புக் கம்பளித் துணியால் உறை போட்டிருப்பார்கள். பாலைவனப் படைக்காகப் பிசினில் ஊறிய மரத்தூளை அழுத்திப் புட்டியோடு ஒட்டிய உறை செய்தார்கள். பின்னர் மற்றப் போர்முனைகளிலும் அது புழங்கியது. முக்கோணத் துணி ஒவ்வொரு சிப்பாய்க்கும் கொடுக்கப்பட்ட கூடாரத் துண்டு. மழை பெய்தால் தலையில் மாட்டிக்கொள்ளலாம். நான்கு பேர் தங்கள் துண்டுகளைப் பொத்தானிட்டு இணைத்தால் நால்வரும் படுக்கும் கூடாரமாகும்.

இடுப்புவார்ப் பூட்டில் கழுகைச் சுற்றி இருக்கும் வாசகத்துக்குக் ‘கடவுள் எம்முடன்’ என்று பொருள். அது ஹிட்லர் காலத்தில் புகுத்தப்பட்டதன்று, பழைய பிரஷ்யப் படையிலிருந்து வந்தது. விமானப்படைப் பூட்டில் அந்த வாசகம் இராது. பச்சை வண்ணம் வெப்பநாட்டுப் படைக்குரியது. தோல்வார் வெயிலில் வெடிக்கும் என்று அவர்களுக்குக் கித்தான் வார் கொடுத்தார்கள்.

போலிகள் சந்தையில் ஏராளம் என்பது உண்மைதான். ஆனால் எண்பது ஆண்டுகளாக நாகலூர் வீட்டைவிட்டுப் போகாத பெட்டியில் போலி எங்கிருந்து வரும்? தயவுசெய்து விற்றுவிடாதீர்கள்.

மறுமொழி 2: செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை

நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். உலோகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜெர்மன் சில்வர் என்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். பெயரில்தான் வெள்ளி உண்டு, பொருளில் இல்லை. உங்களிடம் இருப்பது சிப்பாய்கள் கழுத்தில் அணியும் அடையாள வில்லை போலிருக்கிறது. ஜெர்மானிய அடையாள வில்லைகள் பெரும்பாலும் துத்தநாகத்திலோ அலுமினியத்திலோ செய்யப்பட்டவை. கையில் எடுத்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்: ஒரே அளவுக்குத் துத்தநாகம் அலுமினியத்தைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும். எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தால் யாரேனும் உரைகல்லில் உரசிப் பார்க்கத் துணிவார்கள். உரச விடாதீர்கள், பொறித்த எழுத்தில் ஒரு கோடு அழிந்தாலும் 3 எது 8 எது என்று தெரியாமல் போய்விடும்.

அதைவிட முக்கியமாக, புளி, எலுமிச்சை, சாம்பல், பிராசோ எதையும் தொட வேண்டாம். என் பெரியப்பா போரிலிருந்து கொண்டுவந்த இதே போன்ற பூட்டை, பளபளப்பாக்கித் தருகிறேன் என்று பதினைந்து வயதில் புளி போட்டுத் தேய்த்தவன் நான். பச்சை வண்ணம் முழுவதும் நீரோடு போயிற்று; மிஞ்சியது ஒரு வெள்ளைத் தகடு. பெரியப்பா கோபிக்கவில்லை. பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டார், அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகள் ஆகியும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

துத்தநாகத்துக்கு ஈரமும் மரப்பெட்டியிலிருந்து வரும் புளிப்பு ஆவியும் பகை. வெண்மையாகப் பூத்துப் பொடியும். ஏற்காட்டு மழைக்காலத்தில் அங்கே வைக்காமல் கோரிமேட்டுக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். துவைத்துக் காயவைத்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கோட்டைத் துவைக்க வேண்டாம். நிழலில் காற்றாட விரித்து, பூச்சி முட்டை இருந்தால் மென்தூரிகையால் தட்டி எடுத்தால் போதும்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற சாப்பர்

வணக்கம் மகளே. நானும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் அப்புச்சியும் நானும் ஒரே தாய்ப்படையின் தம்பிகள்; எங்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

மற்றப் பொருள்களைப் பற்றி நண்பர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். வில்லையைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் இல்லாததால் அது போலி என்று சொன்னவர் அறியாமல் சொன்னார். ஜெர்மானிய வில்லையில் பெயர் பொறிப்பதே இல்லை. அதை வழங்கிய படைப்பிரிவின் சுருக்கம், பெயர்ப்பட்டியலில் அவருடைய வரிசை எண், இரத்த வகை இவையே இருக்கும். படைப்பிரிவுகள் அந்த எண்களுக்குரிய பெயர்ப் பட்டியல்களைப் பெர்லினில் 1939-இல் தொடங்கப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பின. அந்த ஆவணங்கள் இன்றும் இருக்கின்றன. 2019 முதல் ஜெர்மன் கூட்டரசின் ஆவணக்காப்பகத்தில் அவை சேர்ந்துள்ளன. ஆக, உங்கள் கையில் இருக்கும் எண்ணை அங்கே எழுதி அனுப்பினால் ஒரு மனிதரின் பெயர் கிடைக்கக்கூடும்.

இப்போது வில்லையை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நடுவே குறுக்காக மூன்று நீள்துளைகள் இருக்கும். மேல் பாதியிலும் கீழ்ப் பாதியிலும் அதே எழுத்துகள் இருக்கும். சிப்பாய் இறந்தால் கீழ்ப் பாதியை ஒடித்து எடுத்துத் தகவல் அனுப்புவார்கள். மேல் பாதி, கயிறோடு, உடலிலேயே இருக்க வேண்டும். 1929-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை எதிரியின் உடலுக்கும் இதே முறையைத்தான் விதித்தது. பிற்காலத்தில் குழியைத் தோண்டி எலும்புகளை எடுக்கும்போது இவர் யார் என்று சொல்ல அந்த அரை வில்லையே சாட்சி. உங்களிடம் இருப்பதோ முழு வில்லை. அது உயிரோடு பிடிபட்டவரிடமிருந்து வந்திருந்தால் கவலையில்லை. அவர் வீடு திரும்பியிருப்பார். இறந்தவரின் கழுத்திலிருந்து வந்திருந்தால், அவர் எங்கேயோ பெயரில்லாமல் கிடக்கிறார் என்று பொருள். முழு வில்லையைப் பார்த்தால் என் மனம் முதலில் அங்கேதான் போகிறது.

இதைச் சொல்வதால் அப்புச்சியைத் தவறாக எண்ணிவிடாதீர்கள். சாப்பரின் வேலை முன்னே போய்க் கண்ணிவெடி அகற்றுவது. பின்வாங்கிய ஜெர்மானியர்கள் சாலையில் வாகனங்களைத் தகர்க்கும் டெல்லர் கண்ணியையும், காலடியில் துள்ளி இடுப்பு உயரத்தில் வெடிக்கும் எஸ் கண்ணியையும் புதைத்துப் போனார்கள்; பிணங்களிலும் வெடி பொருத்தினார்கள். நான்கு பக்கமும் குண்டு விழும்போது ஒரு பிணத்தை அப்புறப்படுத்திய மனிதர், பின்னால் யாரிடமேனும் ஒப்படைக்கலாம் என்று அதை எடுத்துப் பையில் போட்டிருக்க இடமுண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வில்லையின் இரு பாதிகளையும் இரு பக்கங்களையும் தெளிவாகப் படமெடுத்து, எங்கிருந்து எப்படி வந்தது என்று ஒரு பக்கம் எழுதி, அந்த ஆவணக்காப்பகத்துக்கு அனுப்புங்கள். 1919-இல் தொடங்கப்பட்ட ஜெர்மானியப் போர்க்கல்லறைச் சங்கத்துக்கும் ஒரு படி அனுப்பலாம். இத்தாலியில் காசினோ அருகே 20,000-க்கும் மேற்பட்டவர்கள் கிடக்கும் கல்லறைத் தோட்டத்தை அவர்கள்தாம் பராமரிக்கிறார்கள். எண்ணை இங்கே பொதுவில் இடாதீர்கள். அப்புச்சியின் டிஸ்சார்ஜ் புத்தகமோ பதக்கமோ இருந்தால் தேடுங்கள். ஆறுமுனை நட்சத்திரப் பதக்கத்தின் நாடாவில் சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என்ற வரிசை இருந்தால் அவர் இத்தாலியில் போரிட்டவர். இடமும் ஆண்டும் தெரிந்தால் தேடுபவர்களுக்குப் பேருதவியாகும்.

புகைப்படத்தின் பின்னால் இருப்பது சூட்டர்லின் என்னும் பழைய கையெழுத்தாக இருக்கும். 1941 வரை ஜெர்மானியப் பள்ளிகளில் அதைத்தான் கற்பித்தார்கள். பிறகு நிறுத்தப்பட்டதால் இன்றைய இளைஞர்களுக்கு அது புரிவதில்லை. அதையும் படமெடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.

மறுமொழி 4: கோரிமேட்டுப் பேத்தி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று மீண்டும் நாகலூர் போய் வந்தேன். கோட்டின் வலது மார்பில் ஊசித் துளைகள் இருக்கின்றன. கிடங்கின் எழுத்து எம், ஆண்டு 39. அப்புச்சியின் பதக்கம் அம்மாயியின் சாமி அலமாரியில் இருந்தது. நாடா நீங்கள் சொன்ன வரிசையில்தான் இருக்கிறது ஐயா.

வில்லையில் மூன்று துளைகள், இரண்டு பாதிகளிலும் ஒரே எண். இரத்த வகை ஏ. கயிற்றை யாரும் அறுக்கவில்லை. முடிச்சு அப்படியே இருக்கிறது, தலை வழியாகக் கழற்றியிருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டேன். சிறுவயதில் அந்தப் புட்டியில் தண்ணீர் கொண்டுபோய் விளையாடுவார்களாம், கூடாரத் துணியில் உருளுவார்களாம். அப்புச்சி ஒன்றும் சொல்ல மாட்டாராம். அந்த வெள்ளைத் துணி முடிச்சை மட்டும் ஒருமுறை அவிழ்த்ததற்கு அம்மாவை அடித்திருக்கிறார். அவர் கையால் அடி வாங்கியது அந்த ஒரு முறைதானாம்.

புகைப்படமும் வில்லையும் ஒருவருடையவை என்றே இப்போது நம்புகிறேன். இரண்டையும் படமெடுத்துவிட்டேன். அம்மா சொல்லச் சொல்லக் கடிதத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். தோழி அதை ஜெர்மனில் எழுதித் தருவாள். கோட்டைத் துவைக்கவில்லை. அதில் இன்னும் காப்பிக்கொட்டை வாசமும் புகையிலை வாசமும் இருக்கின்றன.

பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.