மறு: பேக்கப் சர்வருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> ஆபீசில் மூன்று மெஷின்: டொமைன் கன்ட்ரோலர் (எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் மெஷின்), டேலி கணக்கும் ஃபைல்களும் இருக்கிற சர்வர், ஓரமாகக் கிடக்கும் பழைய பெட்டி. பேக்கப் மென்பொருளை எதில் போட? அந்த மெஷினைக் “காப்பு வழங்கி” என்று எழுதலாமா?

வணக்கம் அண்ணாச்சி,

பழைய பெட்டியில் போடுங்கள். டேலி சர்வரிலேயே போட்டால் அதன் டிஸ்க் போகிற அன்றைக்கு நகலும் சேர்ந்து போகும். டொமைன் கன்ட்ரோலர் கூடவே கூடாது. ரான்சம்வேரோடு (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற நிரல்) உள்ளே வருகிறவன் அட்மின் கடவுச்சொல்லைத்தான் தேடுவான். அது கிடைத்தால் முதல் வேலையாக பேக்கப்பை அழிப்பான், அப்புறம்தான் மற்றதைப் பூட்டுவான். அதனால் பழைய பெட்டியை டொமைனில் சேர்க்காமல் தனிக் கடவுச்சொல்லோடு வையுங்கள். ராத்திரி அதுவே போய் மற்ற இரண்டிலிருந்தும் நகலை இழுத்து வரட்டும். பிராசசர் மெதுவாக இருந்தால் பரவாயில்லை, டிஸ்க் மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள்.

இப்போது பெயர். “காப்பு” என்றதும் பாதுகாப்புதான் நினைவுக்கு வரும். ஃபயர்வால் பெட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். “வழங்கி”யும் பொருந்தவில்லை. ஏதாவது போனால்தான் இது வழங்கும், மற்ற நாளெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். பேக்குலா என்கிற பேக்கப் மென்பொருளைச் செய்தவர்கள் இதை ஒளிக்கவே இல்லை: ராத்திரியில் வந்து உறிஞ்சுகிறது என்பதால் டிராகுலாவைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நம்மிடம் ஒலிவாங்கி இருக்கிறதே, அதே வழியில் “படிவாங்கி” என்று யோசித்தேன். அரசு அலுவலகத்தில் அது பஞ்சப்படி வாங்குகிறவர் ஆகிவிடும்! எனவே நகல்வாங்கி. “நகல்” அரபி மூலம் என்று இங்கே யாராவது கட்டாயம் எழுதுவார்கள். சான்றிதழ் நகல் கேட்காத தாலுகா ஆபீஸ் உண்டா?

இதற்குப் பெயராக முந்தைய மடலில் வந்த “விதைக்கோட்டை” எனக்கும் பிடித்தது. விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோடு கலக்காமல் வைக்கோல் பிரி சுற்றித் தனியே கோட்டையாகக் கட்டி வைப்பார்கள். அதே வேலைதான் இது. ஆனால் வயலைப் பார்க்காத பையனுக்கு முதலில் கோட்டையை விளக்கிவிட்டுத்தான் சர்வருக்கு வர வேண்டும்.

இன்னொன்று: நகல்வாங்கியைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லை ஜங்ஷன் பக்கம் தாமிரபரணி எங்கே வரை வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடியில் வைத்தாலும் ஒரு நகல் வேறு கட்டடத்துக்குப் போயாக வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியே என்பது பழைய கணக்கு. அந்த மூன்றாவதை “வெளிநகல்” எனலாமா?

---

தம்பி,

நகல்வாங்கியைக் கலைச்சொல் பட்டியலில் சேர்த்தாயிற்று. வெளிநகல் வேண்டாம், வெளியே போய் ஜெராக்ஸ் எடுத்து வந்தது என்பார்கள் எங்கள் ஆபீசில். “வெளியூர் நகல்” என்று போடலாமென்றால், இரண்டாவது டிஸ்க் இருக்கப்போவது பாளையங்கோட்டையில். அதை வெளியூர் என்றால் அங்கே உள்ளவர்கள் சும்மா விடுவார்களா? இப்போதைக்கு “அயலிட நகல்” என்று குறித்து வைக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.