'கேங்ஸ்டர்ஸ்' இல்லாத ஸ்பெஷல்ஸ் முதல் ஆல்பம்: நான் வாங்கியது ஒரிஜினல்தானா?

பாசிர்ரிஸ்_பையன்:

வணக்கம். போன சனிக்கிழமை சிங்கப்பூர் பிராஸ் பசா பக்கம் ஒரு பழைய ரெக்கார்டுக் கடையில், ஸ்பெஷல்ஸ் என்ற பிரிட்டிஷ் ஸ்கா (ஜமைக்காவில் பிறந்த ஆட்ட இசை) பேண்டின் முதல் எல்.பி. தட்டு கிடைத்தது, 45 வெள்ளி (டாலர்). அட்டையின் மூலை நைந்துபோயிருக்கிறது, தட்டில் பெரிய கீறல் இல்லை. அப்பாவின் பிறந்தநாளுக்கு என்று வாங்கினேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது இந்த ஆல்பத்தின் கேசட் ஓடாத ஞாயிற்றுக்கிழமையே எங்கள் வீட்டில் கிடையாது. இட்லி, சாம்பார், ஸ்கா.

வீட்டுக்கு வந்து போட்டால் ஒரே குழப்பம். 'கேங்ஸ்டர்ஸ்' பாட்டு இல்லவே இல்லை. அப்பாவின் கேசட்டில் முதல் பாட்டே அதுதான், கார் டயர் கிறீச்சிடும் சத்தத்தோடு ஆரம்பிக்கும். அப்புறம் 'டூ மச் டூ யங்'. கேசட்டில் தலைதெறிக்க ஓடி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு, இதில் ஆறு நிமிடம், தூங்கி வழிகிறது. டர்ன்டேபிள் வேகம்தான் கெட்டுவிட்டதோ என்று பார்த்தேன், மற்ற பாட்டெல்லாம் ஒழுங்காகத்தான் ஓடுகின்றன. மொத்தச் சத்தமும் கொஞ்சம் ஒல்லியாக, ஒரு அறைக்குள் நின்று வாசிப்பது போல இருக்கிறது.

டூப்ளிகேட்டை என் தலையில் கட்டிவிட்டார்களா? பிறந்தநாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கேசட்:

தம்பி, உங்கள் தட்டு நல்ல தட்டு. டூப்ளிகேட் அப்பாவின் கேசட்தான்! கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அதே கேசட்டைக் கேட்டு வளர்ந்தவன்.

1987இல் பதிப்புரிமைச் சட்டம் வரும் வரை இங்கே பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இரண்டு மூன்று வெள்ளிக்குக் கேசட் குவித்து வைத்து விற்பார்கள். பதிவு செய்கிறவன் ஆல்பத்தை அப்படியே போடமாட்டான். எந்தப் பாட்டு ஹிட்டோ அதைத் தூக்கி முதலில் வைப்பான், நடுவில் சுமாரான பாட்டு ஒன்றைக் கழற்றி விடுவான். வாங்குகிறவனுக்கு லாபம்தான், ஆனால் அதுதான் ஆல்பம் என்று நாற்பது வருடம் நம்பிக்கொண்டிருப்போம். எனக்கும் உண்மை தெரிந்தது ரொம்பப் பிந்தித்தான்.

'கேங்ஸ்டர்ஸ்' 1979இல் ஆல்பத்துக்கு முன்பே தனி சிங்கிளாக வந்தது. பேண்டின் சொந்த ஊரான கவென்ட்ரியில் பதிவு செய்தார்கள், ஆல்பம் லண்டனில். ஜமைக்கப் பாடகர் பிரின்ஸ் பஸ்டரின் 'அல் கபோன்' பாட்டிலிருந்து பிறந்தது அது, கார் சத்தமும் அங்கிருந்து வந்ததுதான். சிங்கிளின் மறுபக்கத்துக்குப் பாட்டு பதிவு செய்யக் கையில் காசில்லை. நியோல் டேவிஸ் என்பவர் முன்பே பதிவு செய்து வைத்திருந்த ஒரு வாத்திய இசையை வாங்கிப் போட்டார்கள், அதன் பெயர் 'தி செலக்டர்'. பிறகு அந்தப் பெயரிலேயே ஒரு பேண்டு உருவானது. காசு இல்லாததால் இன்னொரு பேண்டு கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் கதையும் சும்மா இல்லை. பிரான்ஸுக்குப் போனபோது, முன்னால் தங்கிய வேறொரு பேண்டு ஹோட்டலில் செய்த சேதத்துக்கு இவர்களுடைய கிட்டார்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்களாம், அந்தக் கடுப்பில் எழுதியது.

பிரிட்டிஷ் தட்டில் 14 பாட்டு, பக்கத்துக்கு ஏழு, அதில் 'கேங்ஸ்டர்ஸ்' கிடையாது. அமெரிக்காவில் வெளியிட்டபோதுதான் அதைச் சேர்த்தார்கள். லேபிளில் கறுப்புக் கோட்டு, தொப்பி போட்ட ஆள் நிற்கிறானா, எண் சிடிஎல் டிடி 5001 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் வேகமான 'டூ மச் டூ யங்' மேடையில் பதிவானது. லண்டன் லைசியம் அரங்கில் வாசித்ததை 1980 தொடக்கத்தில் இ.பி.யாக (சில பாட்டுகள் மட்டும் உள்ள சின்னத் தட்டாக) விட்டார்கள், அது பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. அதன் மறுபக்கம் கவென்ட்ரி டிஃபனிஸ் கிளப்பில் பதிவு செய்தது. அந்தக் கட்டடம் பிற்பாடு ஊரின் மத்திய நூலகமாகிவிட்டது, இப்போது அங்கே ஆடினால் 'உஷ்' என்பார்கள்.

அரை_இடம்:

ஒல்லியாக இருக்கிறது என்றீர்களே, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொண்டு, இப்போது ஒரு ஸ்கா பேண்டில் கிட்டார் வாசிக்கிறேன் (அம்மாவுக்கு இன்னும் வருத்தம்தான்).

காலால் தட்டிக்கொண்டே 'தகதிமி தகதிமி' என்று சொல்லிப் பாருங்கள். கால் 'த'வில் விழும், ஸ்காவில் கிட்டார் 'தி'யில் விழும். நம் ஆட்கள் அரை இடம் தள்ளி எடுப்பு என்பார்களே, அதேதான், ஆனால் பாட்டு முழுக்க ஒரு தடவைகூட விடாமல். கீழிருந்து மேலே ஒரு இழுப்பு, உடனே இடது கை விரலைத் தளர்த்திக் கம்பியை ஊமையாக்க வேண்டும். 'சக்' என்று கேட்டால் சரி, 'சங்ங்' என்று நீண்டால் போச்சு. அந்த 'சக்'குக்குச் சுற்றிலும் காலி இடம் வேண்டும். எக்கோ, மூன்று அடுக்குக் கிட்டார் என்று நிரப்பினால் தாளத்தின் ஆட்டமே அடங்கிவிடும்.

அந்த ஆல்பத்தைத் தயாரித்தவர் எல்விஸ் காஸ்டெல்லோ. அவரே பாடகர், சத்தத்தை மெருகேற்றுவதற்குப் பேர்போன ஸ்டூடியோ நிபுணர் இல்லை. ஸ்குவீஸ், போக்ஸ் பேண்டுகளுக்கு அவர் தயாரித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். ஃபுல்ஹமில் டி.டபிள்யூ. என்ற ஸ்டூடியோவில் ஏழு பேரையும் வாசிக்கவிட்டு, மேடையில் இருந்த மாதிரியே பிடித்திருக்கிறார். ஜெர்ரி டாமர்ஸின் ஆர்கன் ஒரு பக்கம், லின்வல் கோல்டிங்கின் 'சக்' ஒரு பக்கம், நடுவில் ஜான் பிராட்பரியின் ஸ்னேர் டிரம் தகரத்தில் கரண்டியால் அடித்த மாதிரி. எனக்கு அந்த ஒல்லிதான் பிடிக்கும்.

போன வருடம் எங்கள் பேண்டும் நான்கு பாட்டு பதிவு செய்யப் போனது. மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) போட்டு, டிரம் தனியாக, பாஸ் தனியாக, கிட்டார் தனியாக என்று இரண்டு வார இறுதியும் 600 வெள்ளியும் போனது. கேட்டால் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, உயிர்தான் இல்லை. டிரம் வாசிக்கிறவன் லேசாக முந்துவான், நான் லேசாகப் பின்னால் இழுப்பேன், ஆட்டமே அந்த இழுபறியில்தான் இருந்திருக்கிறது, தனித்தனியாக வாசித்ததும் அது காணாமல் போய்விட்டது. கடைசியில் நண்பன் ஒருவனிடம் மைக் கடன் வாங்கி, எல்லாரும் ஒரே அறையில் நின்று ஒரு மதியத்தில் முடித்தோம். ஒரு இடத்தில் யாரோ இருமுவது கேட்கும். எடுக்கவில்லை, இருக்கட்டும்.

கோப்பி_ஓ:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அக்கா. உயிர் இருக்கிறது, சரி. ஆனால் அதே 1979 அக்டோபரில்தான் மேட்னஸ் என்ற இன்னொரு ஸ்கா பேண்டின் முதல் ஆல்பமும் வந்தது, கிளைவ் லாங்கரும் ஆலன் வின்ஸ்டன்லியும் தயாரித்தது. அதையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அதில் பியானோ, சாக்ஸபோன் எல்லாம் முகத்துக்கு முன்னால் நிற்கும், ஆட்டமும் அடங்கவில்லை. பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலிலும் அது 2ஆம் இடம், இது 4ஆம் இடம். காலி இடம் வேறு, பாஸ் எங்கே என்று தேடவைப்பது வேறு. ஹோரஸ் பாண்டர் மாதிரி ஒரு பாஸ் வாசிப்பாளரை வைத்துக்கொண்டு!

அரை_இடம்:

பாஸ் விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேட்னஸ் ஆல்பம் கொண்டாட்டம், ஸ்பெஷல்ஸ் ஆல்பத்தில் பாதிப் பாட்டு ஊரில் அடி வாங்காமல் வீடு திரும்புவதைப் பற்றியது. 'கான்கிரீட் ஜங்கிள்' பாட்டைப் பளபளவென்று பதிவு செய்து கேட்க வேண்டுமா?

இன்னொன்று, முதல் பாட்டு 'எ மெசேஜ் டு யூ ரூடி'யின் டிராம்போனைக் கவனியுங்கள். வாசித்தவர் ரிக்கோ ரொட்ரிகஸ். டாண்டி லிவிங்ஸ்டனின் 1967 மூலப் பாட்டிலும் அவர்தான் வாசித்தார். பன்னிரண்டு வருடம் கழித்து, சின்னப் பையன்கள் அதே பாட்டைப் பாட, அதே மனிதர் வந்து அதே இடத்தில் ஊதுகிறார். முழு ஆல்பத்திலும் அவசரமே படாதவர் அவர் ஒருவர்தான். அந்த நிதானத்துக்காகவே நான் ஊசியைத் திரும்ப வைப்பேன்.

பாசிர்ரிஸ்_பையன்:

எல்லாருக்கும் நன்றி. லேபிளில் தொப்பிக்காரன் நிற்கிறான், எண்ணும் 5001தான். பிறந்தநாள் வரை பொறுக்க முடியாமல் நேற்று இரவே அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கேட்டார். 'டூ மச் டூ யங்' வந்ததும் முகம் சுருங்கிவிட்டது. "என்னடா இது, மருந்து சாப்பிட்டுவிட்டுப் பாடுகிறார்களா?" என்றார். இதுதான் அசல், நீங்கள் கேட்டது திருட்டுக் கேசட் என்று பழைய_கேசட் அண்ணன் சொன்னதைச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் எழுந்துபோய் ஸ்டோர் ரூமில் பெட்டியெல்லாம் இறக்கி, பதினொரு மணிக்கு அந்தக் கேசட்டைத் தேடி எடுத்துவிட்டார். அட்டையில் பாட்டுப் பெயர்களிலேயே மூன்று எழுத்துப் பிழை.

இப்போது புதுப் பிரச்சினை, பிளேயர் சுற்றவில்லை. பெல்ட் போய்விட்டது போலிருக்கிறது. மாற்றித் தருகிற ஆள் யாரையாவது தெரியுமா?

பழைய_கேசட்:

சிம் லிம் டவரில் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பழைய பெல்ட்டின் சுற்றளவை நூல் வைத்து அளந்துகொண்டு போங்கள், மாடல் எண் சொன்னால் சிரிப்பார்கள். அந்தக் கேசட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முடிந்தால் எனக்கு ஒரு காப்பி.