ஸ்டைமி: வழியை மறித்த பந்து

மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்த புதிது. பேச்சுவார்த்தை 'ஸ்டைமி' ஆனதாக ஓர் ஆங்கிலச் செய்தி. எஸ், டி, ஒய், எம், ஐ, இ. ஏதோ நீராவி சமாச்சாரம் என்று நினைத்து, 'பேச்சுவார்த்தையில் அனல் பறந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தார். முட்டுக்கட்டை விழுந்தது என்பதுதான் பொருளாம். அகராதியைப் புரட்டினால் சொல் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப் போகிறது. அந்தக் காலத்தில் இருவர் மோதும் ஆட்டத்தில், என் பந்துக்கும் குழிக்கும் நடுவே எதிராளியின் பந்து வந்து உட்கார்ந்தால் அது ஸ்டைமி. 'கொஞ்சம் எடுங்க சார்' என்று கேட்க முடியாது. வளைத்து அடிக்கணும், இல்லை எகிறித் தாண்ட வைக்கணும்.

* * *

எடின்பரோவில் படித்தபோது பழம்பொருள் கடையில் ஒரு கோல்ஃப் ஸ்கோர் அட்டை வாங்கினேன். அகலம் சரியாக ஆறு அங்குலம். கடைக்காரர்தான் விளக்கினார்: அப்போதெல்லாம் இரண்டு பந்துக்கும் இடைவெளி ஆறு அங்குலத்துக்குள் இருந்தால் மட்டும் முன்னால் கிடப்பதை எடுக்கலாம், அதை அளக்கத்தான் இந்த அட்டை. 1930இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ், இங்கிலாந்தின் சிரில் டோலியை வென்றதே, 18 குழியும் சமநிலையில் முடிந்தபின் 19வது குழியில் விழுந்த ஒரு ஸ்டைமியால்தான். அந்த வருடம் நான்கு பெரிய பட்டங்களும் ஜோன்ஸுக்கு. டோலிக்கு எப்படி இருந்திருக்கும்! 1952இல் விதியையே தூக்கிவிட்டார்கள்.

சொல்லின் வேர் உறுதியில்லை. ஸ்காட்லாந்துப் பேச்சில் 'ஸ்டைம்' என்றால் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறு துளி. ஒரு ஸ்டைம்கூடத் தெரியவில்லை என்றால் சுத்தமாகக் கண் தெரியவில்லை. அதிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு ஊகம். எனக்கு இது பிடித்திருக்கிறது. முன்னால் பந்து நின்றால் குழி எங்கே தெரியும்?

* * *

கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் இதைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கேரம் போர்டுதான் ஞாபகம் வந்தது. தம்பி தன் வெள்ளைக்காயைக் குழி வாயிலேயே நிறுத்திவிட்டுச் சிரிப்பான். அதைத் தட்டினால் அவனுக்குத்தான் காய் விழும். அந்தக் கால கோல்ஃபிலும் அப்படியே: எதிராளியின் பந்தைக் குழியில் தள்ளிவிட்டால் அவர் போட்டதாகவே கணக்காம். நேற்று ஆட்டத்தில் "டேய், ஸ்டைமி பண்ணாதே" என்றேன்.

"கெட்ட வார்த்தையா அக்கா?" என்றான்.